நடுகல்லும் காகிதப் போர்க்களமும்

மனிதன் பெரியதைக் கண்டு வியக்கிறான். சிறியதைச் செய்து மகிழ்கிறான். வானளாவிய கோபுரத்தை அண்ணாந்து பார்த்தவன், வீடு திரும்பியதும் களிமண்ணால் முழ உயரத்தில் ஒரு கோபுரம் செய்துபார்க்க விரும்புகிறான். கடலில் மிதக்கும் கப்பலைக் கண்ட சிறுவன் மழைநீரில் காகிதக் கப்பல் விடுகிறான். கைக்கு அடங்காத உலகத்தைக் கைக்குள் அடக்கிப் பார்க்கும் இவ்விழைவு மனித இனத்தோடு உடன்பிறந்தது. தமிழ்ப் புலவர் இதனை நன்கு அறிந்திருந்தனர். பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள், குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடுகின்றனர். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியமோ, சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் எனக் குழந்தையின் ஆட்டங்களுக்குத் தனித்தனிப் பருவங்களையே வகுத்துத் தந்தது. சிறு வீடும் சிறு பறையும் சிறு தேரும் இலக்கியத்தில் ஏறத் தகுதியற்றவை என்று தமிழ் ஒருநாளும் ஒதுக்கியதில்லை.

அச்சிறுதேரின் வழித்தோன்றல்களுள் ஒன்று இன்றைய காகித விண்கலம். தடித்த தாளில் அச்சிட்ட உறுப்புகளைக் கூரிய கத்தியால் வெட்டியெடுக்க வேண்டும். மடிக்க வேண்டிய கோட்டை மழுங்கிய முனையால் கீறிப் பதப்படுத்த வேண்டும். பென்சிலைச் சுற்றி உருட்டினால் உருளை பிறக்கிறது. விசிறி வடிவத் துண்டை வளைத்தால் கூம்பு பிறக்கிறது. வெட்டிய ஓரத்தில் தெரியும் வெண்மையை வண்ணம் தீட்டி மறைத்து, பசை உலரும்வரை மூச்சடக்கிப் பிடித்திருக்க வேண்டும். 1969ஆம் ஆண்டு சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் ஏவுகலத்தின் உயரம் ஏறத்தாழ 110 மீட்டர். அதனை நூற்றில் ஒரு பங்காகச் செய்தால் 110 சென்டிமீட்டர். தொடக்கப்பள்ளியின் முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து நிற்பது போல் அது நிற்கும்.

விண்கலத்தைச் செய்து முடித்த கை அத்தோடு ஓய்வதில்லை. கலங்களை எதிரெதிரே நிறுத்திப் போரிடச் செய்கிறது. கோட்டையும் அகழியும் பீரங்கியும் படைவீரரும் நிறைந்த போர்க்களக் காட்சியைப் பலகையின்மேல் அமைக்கிறது. இக்கலை உலகின் பல பகுதிகளிலும் வேரூன்றியுள்ளது. இரண்டாம் உலகப்போரால் மரமும் உலோகமும் அரிதாகிவிட்ட 1940களின் பிரிட்டனில், அஞ்சலட்டை அளவான அட்டைகளில் அச்சிட்ட நுண்மாதிரிகள் விற்பனைக்கு வந்தன. போலந்து நாட்டில் காகித மாதிரிகளுக்கெனவே 1957ஆம் ஆண்டு முதல் ஓர் இதழ் வெளிவரலாயிற்று. விலையுயர்ந்த பொருளை வாங்க இயலாதவனுக்கும் தாளும் பசையும் எட்டும். ஆதலால், இதனை எளியவரின் சிற்பக்கலை என்றே சொல்லலாம்.

இக்கலையைக் குறித்து இருவகைக் குறைகள் கூறப்படுகின்றன. காலத்தை வீணாக்கும் வேலை என்பது ஒன்று. போரை அழகாக்கிக் காட்டும் வேலை என்பது மற்றொன்று. முதற்குறைக்கு விடை எளிது, இரண்டாவதற்கு எளிதன்று.

பொறுமை என்னும் முதற்பயன்

அதியமான் நெடுமான் அஞ்சியின் ஆற்றலைப் பாட வந்த ஒளவையார், புறநானூற்றின் 87ஆம் பாடலில் ஒரு தச்சனை உவமையாக நிறுத்துகிறார். அவன் ஒரே நாளில் எட்டுத் தேர்களைச் செய்து முடிக்கவல்ல கைவன்மை உடையவன். அத்தகையவன் ஒரு மாத காலம் முயன்று ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அது எத்துணைச் செம்மையாக இருக்கும்! அச்சக்கரத்தைப் போன்றவன் அதியமான் என்கிறார் புலவர். விரைந்து செய்ய வல்லவன், வேண்டுமென்றே விரையாமல் செய்வதில் உள்ள பெருமையை இதனினும் அழகாக எடுத்துரைத்தல் அரிது.

காகிதக் கலைஞன் அத்தச்சனின் மாணாக்கன். அரை மில்லிமீட்டர் பிழைத்தால் உருளை வாய் கூடாது; ஒரு மடிப்பு கோணினால் இறக்கை சாயும். தன் பிழையைத் தன் கண்ணாலேயே கண்டு, பிறர் சொல்லாமலே மீண்டும் வெட்டத் தொடங்குபவன், கணக்கும் வடிவியலும் மட்டுமன்றி நேர்மையும் பயில்கிறான். தாள் முகமன் அறியாது. தவறாக வெட்டியவனைத் தேற்றுவதற்காக அது பொருந்திக் கொடுப்பதில்லை. இத்தகைய பயிற்சியில் கழியும் காலம் வீண்காலம் ஆகாது.

போரை அழகாக்கலாமா?

இனி, இரண்டாம் குறைக்கு வருவோம். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பொம்மை வீரர்களைக் கொண்டு தரையில் போர் விளையாடும் முறையை ஒரு நூலாகவே எழுதி 1913ஆம் ஆண்டு வெளியிட்டார். ‘சிறு போர்கள்’ என்பது அதன் பெயரின் பொருள். பெரும் போரின் மூடத்தனத்தை உணர்ந்தவர் அவர். சிறு போரை விளையாடிப் பார்த்தவன், உண்மைப் போர் எத்துணைப் பெரிய தவறு என்பதைத் தெளிவான் என்பது அவர் வாதம். மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. பொம்மைப் போர் உண்மைப் போரைத் தடுக்கவில்லை. அதற்குக் காரணமாகவும் இல்லை. விளையாட்டின்மேல் அத்துணைப் பெரிய பழியையோ புகழையோ சுமத்துதல் முறையன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஆயினும், போர்க்கருவியின் அழகு மனத்தை மயக்க வல்லது என்பதில் ஐயமில்லை. இதனையும் ஒளவையாரே முதலில் உணர்த்தினார். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றபோது, அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமிதத்தோடு காட்டினான். அங்கிருந்த வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல்மிக்க அகன்ற மனையில் பொலிந்தன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து, கொல்லனது சிறிய உலைக்களத்தில் கிடந்தன. புறநானூற்றின் 95ஆம் பாடல் காட்டும் வேறுபாடு இது. அழகாக இருக்கும் கருவி போரைக் காணாத கருவி. போரைக் கண்ட கருவி அழகாக இருப்பதில்லை.

காகிதப் போர்க்களத்தில் நிற்பவை பெரும்பாலும் தொண்டைமானின் வேல்களே. கறையில்லாத பீரங்கியும் கசங்காத சீருடையும் அங்குக் காட்சியளிக்கின்றன. கோலசிலாங்கூரில், புக்கிட் மெலாவத்திக் குன்றின் உச்சியில் கடலை நோக்கி நிற்கும் பழைய பீரங்கிகளும் இன்று அவ்வாறே அமைதியாகக் காட்சி தருகின்றன. விடுமுறை நாளில் குன்றேறி வரும் சிறுவர் அவற்றின்மேல் ஏறி அமர்கின்றனர். பெற்றோர் படம் பிடிக்கின்றனர். இக்குன்றினை 1784ஆம் ஆண்டு டச்சுக்காரர் கைப்பற்றினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். 1871ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ‘ரினால்டோ’ என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பல் இக்கடற்கரைக் கோட்டையின்மேல் குண்டு பொழிந்தது. மூன்று நிகழ்ச்சிகளும் மாதிரி செய்வதற்கு ஏற்றவையே. பாய்மரமும் புகைபோக்கியும் கொண்ட கப்பலைக் காகிதத்தில் வடிப்பது கைக்கு விருந்து. ஆனால், குண்டு விழுந்த இடத்தில் நின்றவர் யார் என்னும் வினாவைக் கப்பலின் வரைபடம் எழுப்புவதில்லை. வரைபடத்தில் இல்லாதவரைப் பலகையில் நிறுத்துவது, செய்வோனின் மனச்சான்றுக்கு விடப்பட்ட பணியாகும்.

விண்ணில் பறந்த போர்க்கப்பல்

கற்பனை விண்கலத்தில் இவ்வினா எழாது என்று கருதுவோர் உண்டு. யாருமே போரிடாத வானில், இல்லாத பகைவரோடு பொருதும் கலத்தில் யாருடைய துயரம் மறைக்கப்படுகிறது என்று அவர்கள் கேட்பர். ஓர் எடுத்துக்காட்டு இதற்கு விடை கூறும். ஜப்பானியரின் ‘யமாத்தோ’ போர்க்கப்பல் 263 மீட்டர் நீளமுடையது. 1941ஆம் ஆண்டு டிசம்பரில், அதாவது ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கிய அதே திங்களில், பணியில் சேர்க்கப்பட்டது. 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அமெரிக்க விமானங்கள் அதனை மூழ்கடித்தன. ஏறத்தாழ 3,000 பேர் அதனோடு மாண்டனர். 1974ஆம் ஆண்டு வெளிவந்த ஜப்பானியச் சித்திரத் தொடர் ஒன்றில் அக்கப்பல் கடலடியிலிருந்து எழுந்து விண்கலமாகப் பறந்தது. அது முதல், மாதிரி செய்வோர் விரும்பிச் செய்யும் கலங்களுள் அதுவும் ஒன்றாயிற்று.

அக்கலத்தைத் தாளில் ஒட்டி மகிழும் சிறுவன் குற்றம் ஏதும் செய்யவில்லை. எனினும், அவன் கையில் இருப்பது வெறும் கற்பனை அன்று. 3,000 பேரின் கல்லறைக்குச் சிறகு முளைத்த வடிவம் அது. ஜப்பானின் கூரே நகரில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில், அக்கப்பலின் பத்தில் ஒரு பங்கு அளவான மாதிரி 26.3 மீட்டர் நீளத்திற்கு அமைக்கப்பட்டது. அதனோடு மாண்டோரின் நினைவுப்பொருள்களும் அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டன. மாதிரியின் செம்மையை வியப்பவர், மறுகணமே மாண்டவரின் முகத்தையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. மாதிரியும் நினைவும் ஒரே கூரையின்கீழ் அமையலாம் என்பதற்கு இது சான்று.

பாலம் இருக்கிறது, ஆள் எங்கே?

ஜப்பானியப் பேரரசு கடலில் யமாத்தோவைக் கட்டியது. காட்டில் ஒரு ரயில் பாதையைக் கட்டியது. 415 கிலோமீட்டர் நீளமுடைய சயாம்–பர்மா ரயில் பாதை 1942ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று 1943ஆம் ஆண்டு அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதன் குவாய் ஆற்றுப் பாலம் மாதிரிக் கலைஞர் பலரின் விருப்பத்திற்குரியது. 1957ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் அப்பாலத்தை உலகறியச் செய்தது. அப்படத்திற்காக இலங்கையின் கித்துல்கலையில் ஒரு பாலமே கட்டித் தகர்க்கப்பட்டது. அதுவும் ஒரு மாதிரியே. காகிதத்திற்கு மாறாக மரத்தால் ஆகியது, அவ்வளவே. அப்படத்தின் கதை ஆங்கிலேயப் போர்க்கைதிகளைப் பற்றியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரை அக்கதையின் நடுவில் தேடினால் காண இயலாது.

உண்மையில் அங்கு உழைத்தவருள் நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். ஆசியத் தொழிலாளரோ அவர்களினும் பன்மடங்கினர். நல்ல கூலி என்னும் ஆசைமொழியாலும், பின்னர்க் கட்டாயத்தாலும் சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் பிற மாநிலத் தோட்டங்களிலிருந்தும் தமிழர் ரயிலேற்றப்பட்டனர். பால்மரத்தில் உளி பிடித்த கை, காட்டில் கல்லுடைத்தது. வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அடியும் உயிர்களை வாரிக்கொண்டன. மாண்ட ஆசியத் தொழிலாளர் 90,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாகப் பெயர் தாங்கி நிற்கின்றன. தமிழ்த் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய மலேசியத் தமிழ் நாவல்களே அவர்களுக்கு எழுத்தால் எழுப்பிய கற்கள் எனலாம்.

இங்கு ஒரு சிறு கணக்கினைப் போட்டுப் பார்க்கலாம். நூற்றில் ஒரு பங்கு அளவில் மனித உருவம் ஒன்றரை சென்டிமீட்டர் உயரமே இருக்கும். அத்தகைய காகித ஆளொன்றை வரைந்து வெட்டி நிறுத்த ஐந்து நிமிடம் போதும். 90,000 ஆள்களைச் செய்ய நாள்தோறும் இரண்டு மணி நேரம் உழைத்தால் எத்தனை நாள் ஆகும்? 3,750 நாள், பத்தாண்டுகளுக்கு மேல்! முதலாம் ஆண்டில் வெட்டத் தொடங்கிய மாணவன், இடைநிலைப் பள்ளிக் கல்வி முடியும் தறுவாயிலும் வெட்டிக்கொண்டேயிருப்பான். பாலத்தைச் செய்து முடிக்க ஒரு மாதம். அப்பாதைக்காக மடிந்தவரைச் செய்து முடிக்கப் பத்தாண்டு. வரலாற்று நூலில் 90,000 என்பது ஐந்து இலக்கங்கள் மட்டுமே. கத்தியும் தாளும் கையிலிருக்கும்போது அதே எண் காலமாக மாறுகிறது. விரல் நோவாக மாறுகிறது. சொல்லால் உணர்த்த இயலாததைக் கைவேலை உணர்த்தும் இடம் இதுவேயாகும்.

கல்லில் அமைந்த போர்க்காட்சி

அங்ஙனமாயின், போர்க்களக் காட்சி அமைப்போர் அனைவரும் பிணங்களைச் செய்து குவிக்க வேண்டுமா? சிவப்பு மையை ஊற்றிக் குருதி காட்ட வேண்டுமா? வேண்டுவதில்லை. துயரத்தைக் காட்சிப்பொருளாக்குவது, கருவியை அழகாக்குவதினும் இழிவாக முடியக்கூடும். அவ்வாறாயின், ஏற்ற வழி யாது?

தமிழர் அவ்வழியை முன்னரே கண்டிருந்தனர். நடுகல் என்பது கல்லில் அமைந்த போர்க்காட்சியேயன்றி வேறென்ன? தமிழகத்தின் செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்கள் 1972ஆம் ஆண்டு நூலாகத் தொகுக்கப்பெற்றன. ஆநிரை மீட்கும் போரில் பட்டவரின் கற்கள் அவற்றுள் மிகுதி. வில்லும் வாளும் ஏந்திய வீரனின் உருவமே அத்தகைய கற்களில் நடுவிடம் பெறுகிறது. சிலவற்றில் அவன் உடலில் தைத்த அம்புகளும் அருகில் ஆநிரையும் காணப்படுகின்றன. மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் எழுதப்பட்டாலும், கல் நடப்பெற்றது மாண்ட வீரனுக்காகவே. வென்ற மன்னன் எழுத்தில் ஒரு வரி. பட்ட மறவன் கல் முழுவதும். குருதி அங்கில்லை, அலறல் அங்கில்லை. ஆனால், இன்னான் இங்கு இறந்தான் என்னும் உண்மை அசையாமல் நிற்கிறது.

தொல்காப்பியர் புறத்திணைகளை வரிசைப்படுத்திய முறையும் இதனோடு ஒத்துச் செல்கிறது. வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை எனப் போரின் படிகளைக் கூறி, வெற்றியாகிய வாகையைக் கூறிய அவர் அங்கே நிறுத்திவிடவில்லை. நிலையாமையைப் பேசும் காஞ்சியை வாகையை அடுத்தே வைத்தார். வாகைப் பூவைச் சூடியவன் காஞ்சியைக் கடவாமல் போக இயலாது. இதனைப் போர்க்களக் காட்சி அமைப்போர்க்கும் இலக்கணமாகக் கொள்ளலாம். வாகையோடு முடியும் பலகை பாதி வேலை. காஞ்சிக்கும் இடம் வைத்த பலகையே நிறைவேலை.

இதனை மறுப்போர், விளையாட்டில் இவ்வளவு சுமையை ஏற்றினால் பிள்ளையின் மகிழ்ச்சி வாடிவிடும் என்பர். அது புறக்கணிக்கத்தக்க கருத்தன்று. சிற்றில் இழைக்கும் வயதுப் பிள்ளைக்கு இவை எதுவும் வேண்டுவதில்லை. அப்பிள்ளையின் விண்கலம் பறக்கட்டும். ஆனால், வளர்ந்த கலைஞன் ‘உள்ளது உள்ளவாறு’ என்னும் செம்மையைத் தானே மேற்கொள்கிறான். பீரங்கியின் ஆணிகள் எத்தனை என்று எண்ணுகிறான். சீருடையின் நிறம் சற்றே மாறினாலும் மாற்றிப் பூசுகிறான். ஆணியை எண்ணுபவன் ஆளை எண்ணாமல் விடுவது செம்மை ஆகுமா? இக்கடமையை வேறெவரும் அவன்மேல் சுமத்தவில்லை. அவன் போற்றும் துல்லியமே அதனை அவனிடம் கேட்கிறது. செம்மையை மேற்கொண்டவன் அதனைப் பாதியில் கைவிடுதல் அறமன்று.

நூற்றில் ஒரு பங்கு இடம்

கோலசிலாங்கூரிலும் உலுசிலாங்கூரிலும் பரந்து கிடந்த தோட்டங்கள் மாறிவிட்டன. மலேசியாவில் வாணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக 1917ஆம் ஆண்டு நடப்பெற்றது இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்திலேதான். அதன் பெயரே தமிழ்ப்பெயர். பின்னர்ப் பால்மரங்கள் பல இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டன. பத்தாங் பெர்ஜுந்தை 2007ஆம் ஆண்டு பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. லயங்கள் பல இடிக்கப்பட்டன. பிரட்டுக்களங்கள் புல் மூடின. சயாமுக்குப் போனவர் எந்த லயத்தின் எந்த வாசலிலிருந்து புறப்பட்டாரோ, அந்த வாசலே இல்லாத இடங்கள் பல. இல்லாமற் போனதைக் கண்முன் நிறுத்தும் ஆற்றல் காகிதத்திற்கு உண்டு. இதே ஊர்களில் வாழும் சீனர், ஏழாம் திங்களில் மறைந்தோர்க்காகக் காகிதத்தால் வீடும் ஊர்தியும் செய்து எரியூட்டுகின்றனர். காகிதம் விளையாட்டுக்கு மட்டுமன்று, நன்றிக்கும் நினைவுக்கும் உரியது என்பதை அவ்வழக்கம் அறிவுறுத்துகிறது.

ஆகவே, காகித விண்கலம் செய்யும் மாணவனைத் தடுத்தல் வேண்டா. அவன் பொறுமை கற்கிறான், கற்கட்டும். போர்க்களம் அமைப்பவனையும் வெறுத்தல் வேண்டா. அவன் வரலாற்றின் வாசலில் நிற்கிறான். உள்ளே அழைத்துச் செல்வது ஆசிரியர் கடமை. அவன் பலகையில் கோட்டை நிற்கட்டும், கப்பல் நிற்கட்டும், பாலம் நிற்கட்டும். 90,000 உருவங்களை அவன் செய்ய வேண்டுவதில்லை. ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் ஆள் போதும். தோளில் மண்வெட்டியோடு, பாலத்தின் ஓரத்தில், எவர் கண்ணும் முதலில் படாத இடத்தில் நின்றாலும் போதும். தன் குடும்பத்திலோ தன் தோட்டத்திலோ சயாமுக்குச் சென்று மீளாதவர் பெயர் ஒன்று தெரியுமாயின், அதனை அவ்வுருவத்தின் அடியில் எழுதலாம். பெயர் தெரியாவிடில் பாட்டனையும் பாட்டியையும் கேட்கலாம். அவர்களும் மறைந்துவிட்டிருப்பின், பெயரெழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு வைக்கலாம். அவ்வெறுமையும் ஓர் எழுத்தே.

கருவியைப் பார்க்க வந்தவன் அப்பெயரைப் படித்து ஒரு கணம் நின்றால், அக்காகிதப் பலகை நடுகல்லாகிவிடும். சிறு தேர் உருட்டிய கை பெரும் அறத்தைத் தொட்டுவிடும். சிறியதைச் செய்வதன் பெருமை பெரியதைச் சுருக்குவதில் இல்லை. சுருக்கிய பின்னும் மனிதனை விட்டுவிடாமல் இருப்பதில் இருக்கிறது.